கறுப்பைத் தேடும் ஒளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தியின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மண்டபம் பேசியாகிவிட்டது, புடவை எடுத்தாகிவிட்டது, முகூர்த்தத்துக்கு இன்னும் ஆறே வாரந்தான். வீடு முழுவதும் கல்யாணக் களை கட்டியிருந்தது. கல்யாணப் பெண்ணின் முகத்தில் மட்டும் அதைக் காணோம்!

சாப்பாடு ஆனதும் அவள் என்னை மாடி அறைக்கு அழைத்துப் போய்க் கதவைத் தாழிட்டாள். "அக்கா, யாரிடமும் சொல்லிவிடாதே" என்று பீடிகை போட்டுவிட்டுக் கைபேசியை நீட்டினாள். அதில் ஒரு விளம்பரம். வேண்டாத ரோமத்தை லேசர் ஒளியால் அடியோடு அகற்றுவார்களாம். வலி துளியும் இல்லையாம். ஒரே மாதத்தில் முடிந்து, ஆயுள் முழுவதும் கவலையே இல்லையாம். மணப்பெண்களுக்குத் தனிச் சலுகை வேறு உண்டாம்.

"உனக்கு எதற்கடி இது?" என்றேன்.

மோவாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். கறுத்துத் தடித்த ரோமங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இரண்டு வருஷமாகத் தினமும் விடியற்காலையில், வீட்டார் எழுந்திருக்கும் முன்பே இடுக்கியால் பிடுங்கி வருகிறாளாம். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாதாம். "கல்யாணத்துக்கு அப்புறம் யாருக்குத் தெரியாமல் எழுந்திருப்பேன், அக்கா?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கேள்விக்கு விளம்பரத்தில் பதில் இல்லை. ஆகவே மறுநாளே அவளை ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டர் அம்மாள் பொறுமையாகச் சொன்னவற்றையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மாடி அறைக் கதவு தாழிட்டுக் கிடக்கலாம் அல்லவா?

கருங்கல்லும் வெள்ளைப் பட்டையும்

லேசர் என்றதும் ஏதோ கத்தி போல் ரோமத்தை அறுக்கும் கதிர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அறுப்பதில்லை, சுடுகிறது. அதுவும் எல்லாவற்றையும் சுடுவதில்லை; கறுப்பைத் தேடிச் சுடுகிறது.

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் திருக்கழுக்குன்றத்துக்கோ திருப்போரூருக்கோ போய்ச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குள் நடந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் உள்ளங்காலிலேயே தெரியும். கருங்கல் தளம் கொப்புளிக்க வைக்கும். அதே தளத்தில் வெள்ளை பூசிய இடம் இருந்தால் ஓடிப்போய் அதன்மேல் நின்றுகொள்வோம். வெயில் இரண்டின்மேலும் ஒன்றுபோலத்தான் விழுகிறது. ஆனால் கறுப்பு ஒளியை விழுங்கிச் சூடாகிறது. வெள்ளை அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

நம் ரோமத்துக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற சாயப் பொருள். லேசர் ஒளியை ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு, அல்லது சில பத்துப் பங்கு நேரத்துக்குத் தோலின்மேல் பாய்ச்சினால், ரோமத்திலுள்ள மெலனின் அந்த ஒளியை விழுங்கிக் கொதிக்கிறது. அந்தச் சூடு ரோமத்தின் வழியே மயிர்க்காலுக்கு இறங்கி, அதைச் சுற்றிலும் பரவி, புதிய ரோமத்தை உண்டாக்கும் உயிரணுக்களைப் பொசுக்குகிறது. பொசுங்கிய மயிர்க்காலிலிருந்து ரோமம் மறுபடி முளைப்பதில்லை; முளைத்தாலும் மெலிந்து, வெளுத்து, பூனை ரோமம் போல் வருகிறது.

இதிலிருந்தே ஒரு விஷயம் விளங்கும். நரைத்த ரோமத்தில் மெலனின் இல்லை. ஆகவே லேசர் அதை ஒன்றும் செய்யாது. மோவாயில் வெள்ளை ரோமம் முளைத்த பாட்டிமார் லேசருக்குப் பணம் கொடுப்பது வீண். அவர்களுக்கு மின்சார ஊசி முறை இருக்கிறது. மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரத்தால் வேரை அழிக்கும் முறை அது. 1875-ல் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் மடிந்து குத்தும் இமை ரோமங்களைப் போக்குவதற்குக் கையாண்ட முறை. நேரம் பிடிக்கும், பொறுமையும் வேண்டும். ஆனால் நிறம் பார்க்காது.

மாணிக்கத்தில் பிறந்தது

லேசர் பிறந்ததும் ஒரு கடற்கரை ஊரில்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மாலிபுவில், 1960-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதி, தியோடர் மெய்மன் என்ற விஞ்ஞானி செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். விளக்கின் வெளிச்சத்தில் பல நிறங்கள் கலந்து நாலா திசையிலும் சிதறும். லேசரோ ஒரே நிறம், ஒரே திசை, அணிவகுத்துச் செல்லும் பட்டாளம் போல் ஒரே நடை.

சில ஆண்டுகளுக்குள்ளேயே சின்சினாட்டி நகரத்து டாக்டர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். 1983-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு டாக்டர்கள், சரியான நிறத்து ஒளியைச் சரியான கால அளவுக்குப் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோலைக் கெடுக்காமல் குறிப்பிட்ட இலக்கை மட்டும் சுடலாம் என்று விளக்கினார்கள். 1996-ல் ஆண்டர்சனும் அவருடன் உழைத்தவர்களும் அந்தத் தத்துவத்தைக் கொண்டே ரோமத்தைக் குறைத்துக் காட்டினார்கள்.

"கதிர் என்றால் புற்றுநோய் வராதா?" என்று சித்தி பின்னால் கேட்டாள். நியாயமான பயந்தான். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட மறு வருஷமே, அதாவது 1896-ல், வியன்னா நகரத்து டாக்டர் லியோபோல்ட் ஃப்ராய்ண்ட், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முதுகில் இருந்த ரோமம் அடர்ந்த மச்சத்துக்கு அதைப் பாய்ச்சினார். ரோமம் உதிர்ந்தது, ஆறாத புண்ணும் வந்தது. அப்படியும் பாடம் கற்கவில்லை. 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்கள் பலவற்றில் பெண்களை எக்ஸ்-ரே பெட்டியின் முன் உட்கார்த்தி ரோமத்தை உதிர்த்தார்கள். வலியில்லை, தழும்பில்லை என்றுதான் அன்றைய விளம்பரங்களும் சொல்லின! பல ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்களில் பலருக்கு முகத் தோல் சுருங்கிப் புண்ணாகிப் புற்றுநோயாயிற்று.

லேசர் அந்த ஜாதிக் கதிர் அல்ல. கண்ணுக்குத் தெரியும் சிவப்பும், அதற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பும்தான் அது. எக்ஸ்-ரே போல உயிரணுவின் உட்கருவைச் சிதைப்பதில்லை. ஆகையால் சித்தி பயந்த விபரீதத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பழைய கதையில் இன்றைக்கும் ஒரு புத்திமதி இருக்கிறது: 'வலியே இல்லை, அபாயமே இல்லை' என்று எவராவது சொன்னால், இரண்டாம் முறை கேளுங்கள்.

நம் நிறமும் ஒரு நிறந்தானே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ரோமத்தில் மட்டுமா மெலனின் இருக்கிறது? நம் தோலிலும் இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. கறுப்பைத் தேடி வரும் ஒளிக்கு, 'இது ரோமம், இது தோல்' என்று பேதம் தெரியாது. வெள்ளைக்காரரின் தோலில் கரிய ரோமம் தனித்துத் தெரியும். வெள்ளைத் தரையில் கருங்கல் பதித்தது போல. நம் தோலிலோ கருங்கல்லைச் சுற்றிலும் செம்மண்!

1975-ல் ஹார்வர்டைச் சேர்ந்த டாக்டர் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலில் தோல் எப்படிக் கன்றுகிறது, எப்படிக் கறுக்கிறது என்று பார்த்து அதை வகை பிரித்தார். இன்று அந்த வகை ஆறு. நம்மில் பெரும்பாலோர் நாலாவது, ஐந்தாவது, சிலர் ஆறாவது. எந்தக் கருவி, எவ்வளவு சக்தி என்பதை இந்த வகைதான் தீர்மானிக்கிறது.

ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டர் என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. மாணிக்க லேசர் 694, அலெக்ஸாண்ட்ரைட் 755, டயோட் லேசர் 810-ஐ ஒட்டி, நியோடிமியம் யாக் என்பது 1064. அலை நீள நீள, மேல்தோலிலுள்ள மெலனின் அதைக் குறைவாக விழுங்கும். ஒளியும் ஆழமாக இறங்கும். ஆகவே கறுத்த தோலுக்கு யாக் லேசர் பத்திரமானது. மாநிறத்துக்கு டயோட் லேசரையும், மேல்தோலைக் குளிரவைத்துக்கொண்டே, நிதானமான அளவில் பயன்படுத்துகிறார்கள். மாணிக்கமோ நமக்கு ஆகாது.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கைக்கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் அநேகம் லேசரே அல்ல. பல நிறம் கலந்த பளிச்சென்ற ஒளி. கறுத்த தோலுக்கு வேண்டாமென்று அவற்றின் பெட்டியிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

வெயிலும் இதில் சேர்த்திதான். என் சிநேகிதி ஒருத்தி அலுவலகத்தாருடன் மாமல்லபுரத்துக்கு உல்லாசப் பயணம் போனாள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அலையில் ஆட்டம் என்று நாள் முழுவதும் வெயில். இரண்டு நாள் கழித்து, முன்பே நேரம் குறித்திருந்த ஓர் அழகு நிலையத்துக்குப் போய் முழங்கைக்குக் கீழே லேசர் வைத்துக்கொண்டாள். அங்கே யாரும் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கையில் ஏணிப் படிபோல் வரிவரியாகக் கொப்புளம். அது ஆறிய பிறகு வரிவரியாகக் கருமை. எட்டு மாதம் முழுக்கைச் சட்டைதான் அணிந்தாள். வெயிலில் கன்றிய தோலில் மெலனின் கூடிவிடுகிறது. லேசர் அதைச் சுட்டுவிடுகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நாலு வாரம் வெயிலிலிருந்து தோலைக் காக்க வேண்டும். எந்நேரமும் வெயில் காயும் நம் கடலோரத்தில், மார்கழி தையில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஆறு வாரத்தில் ஏன் முடியாது?

"கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் முடித்துவிடலாமா?" என்று என் தங்கை கேட்டாள். டாக்டர் அம்மாள் சிரித்தார்.

நம் உடம்பிலுள்ள ரோமம் முழுவதும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. ஒவ்வொரு மயிர்க்காலும் சில காலம் வளர்க்கும், பிறகு ஓயும், பிறகு உறங்கி, பழைய ரோமத்தை உதிர்த்துவிட்டு மறுபடி விழிக்கும். வளரும் பருவத்தில்தான் ரோமம் வேரோடு ஒட்டிக் கறுப்பாக இருக்கும். லேசரின் சூடு வேர்வரை இறங்கும். உறங்கும் மயிர்க்கால் அன்றைய சூட்டுக்குத் தப்பிவிடும். அது விழிக்கும்வரை காத்திருந்து மறுபடி சுட வேண்டும்.

ஆகவே முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, கை கால்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்று, பொதுவாக ஆறிலிருந்து எட்டுத் தடவை போக வேண்டியிருக்கும். முகத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம். அப்புறமும் வருஷத்துக்கு ஓரிரு முறை மராமத்து உண்டு. அவசரக் கோலம் அள்ளித் தெளிக்கிற காரியமல்ல இது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கருவிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லத்தான் இடம் தருகிறது. 'நிரந்தர நீக்கம்' என்று சொல்ல அல்ல. நம் நாட்டுத் தோல் மருத்துவர் சங்கம் 2008-ல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பிலும் 'குறைப்பு' என்றே இருக்கிறது. பத்து ரோமம் இருந்த இடத்தில் இரண்டோ மூன்றோ, அதுவும் மெலிந்து நிற்கும். அதுவே பலருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்த ஒரு வார்த்தையின் வித்தியாசத்தில்தான் விளம்பரத்துக்கும் வைத்தியத்துக்கும் உள்ள தூரம் அடங்கியிருக்கிறது.

போனால் என்ன நடக்கும்?

முதலில் டாக்டர் கேள்வி கேட்க வேண்டும். கர்ப்பமா? பருவுக்கோ வேறெதற்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா? காயம் பட்டால் தழும்பு தடித்து எழும்புமா? உதட்டோரம் அடிக்கடி அக்கி போல் கொப்புளிக்குமா? பச்சை குத்தியிருக்கிறீர்களா? இந்தக் கேள்விகள் எதையும் கேட்காமல் கட்டணம் மட்டும் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன் ஒரு மாதம் ரோமத்தைப் பிடுங்கக் கூடாது. நூல் போட்டு எடுப்பது, மெழுகு போட்டு இழுப்பது எதுவும் கூடாது. வேரோடு பிடுங்கிவிட்டால் லேசர் தேடும் கறுப்பு அங்கே இருக்காதே! ப்ளீச் போட்டு வெளுக்க வைப்பதும் அப்படித்தான். "வளர்ந்தால் என்ன செய்வது?" என்று தங்கை கேட்டாள். "ரேஸரால் வழித்துக்கொள்" என்றார் டாக்டர் அம்மாள். "ஐயோ, பெண்பிள்ளை முகத்தில் ரேஸரா? தடித்து வளருமே!" என்று அலறிவிட்டாள். வளராது. ரேஸர் ரோமத்தின் நுனியைத்தான் வெட்டுகிறது. வேருக்கு அந்தச் சேதியே போவதில்லை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடித்தது போல் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஒரு நாள் முன்பு வழித்துக்கொண்டு போனால், தோலின்மேல் ரோமம் தீய்ந்து புண்படாது. சூடு முழுவதும் உள்ளே இறங்கும். முகத்தில் மஞ்சள், பவுடர், பூச்சு ஒன்றும் இல்லாமல் கழுவிக்கொண்டு போக வேண்டும்.

பாட்டிமார் தேய்த்துக் குளித்த கஸ்தூரி மஞ்சளையும் பயத்தம் மாவையும் நான் குறை சொல்லவில்லை. குளிர்ச்சிக்கும் மணத்துக்கும் அவை நல்லவை. ஆனால் தடித்து வேர்பிடித்த ரோமம் அவற்றுக்கு அசையாது.

உள்ளே போனதும் கறுப்புக் கண்ணாடி போட்டு விடுவார்கள். உங்களுக்கும் வேண்டும், கருவியைப் பிடிப்பவருக்கும் வேண்டும். கண்ணின் விழித்திரையும் கறுப்புதான். இமையிலும், புருவத்துக்குக் கீழே கண்ணை ஒட்டிய இடத்திலும் லேசர் வைக்கவே கூடாது. முதல் தடவை ஓர் ஓரத்தில் சிறிது சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பிறகு 'சுள்' 'சுள்' என்று விழும். ரப்பர் வளையத்தை இழுத்துத் தோலில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கூடவே ரோமம் தீயும் நாற்றம். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. உறிஞ்சும் கருவி வைத்திருப்பது நல்ல இடத்துக்கு அடையாளம். மோவாய்க்குச் சில நிமிஷம். முழுக் காலுக்கு ஒரு மணி நேரம் வரை ஆகும்.

வலிக்குப் பயந்து மரத்துப்போகும் களிம்பை நீங்களாக வாங்கி அள்ளிப் பூசாதீர்கள். அமெரிக்காவில் 22 வயதும் 25 வயதும் ஆன இரண்டு பெண்கள், லேசருக்குப் போகுமுன் கால் முழுவதும் அந்தக் களிம்பைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறி இருவரும் இறந்து போனார்கள். 2007-ல் அந்நாட்டு அரசு இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரிக்கை விட்டது. டாக்டர் கொடுத்தால், அவர் சொன்ன அளவுக்கு, சொன்ன இடத்தில் மட்டுமே பூச வேண்டும்.

வீடு திரும்பும்போது மயிர்க்கால்களைச் சுற்றிச் சிவந்து சிறிது வீங்கியிருக்கும். ஓரிரு நாளில் அடங்கும். குளிர்ந்த துணி ஒற்றிக்கொள்ளலாம். வெந்நீரும் வெயிலும் வேண்டாம். அடுத்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் ரோமம் வெளியே தள்ளப்பட்டு வரும். 'ஐயோ, மறுபடி வளர்கிறதே!' என்று பதற வேண்டாம். அது வளர்ச்சியல்ல, உதிர்ச்சி. ஆனால் கொப்புளம் கண்டாலோ, தோல் கறுத்தாலோ வெளுத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அபூர்வமாக இன்னொன்றும் நடக்கும். சிகிச்சை செய்த இடத்தை ஒட்டி, முன்பு மெல்லியதாயிருந்த ரோமம் தடித்து வளர ஆரம்பிக்கும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கன்னத்திலும் கழுத்திலும், கறுத்த தோலிலும், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களிடத்திலும் இது அதிகம் தென்படுகிறது. கன்னத்துப் பூனை ரோமத்தை லேசரால் எடுக்க வேண்டாமென்று நல்ல டாக்டர்கள் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

ரோமம் கொண்டுவரும் சேதி

இவ்வளவும் சொன்ன பிறகு டாக்டர் அம்மாள், லேசரைப் பற்றியே இல்லாத ஒரு கேள்வி கேட்டார். "மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, அம்மா?"

என் தங்கை தலை குனிந்தாள். இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறதாம். எடையும் கூடியிருக்கிறது. இதையும் யாரிடமும் சொன்னதில்லை.

பெண்ணின் மோவாயிலும் மேலுதட்டிலும் மார்பிலும் தடித்த ரோமம் முளைப்பது பல குடும்பங்களில் பரம்பரை. அதில் நோய் ஒன்றுமில்லை. ஆனால் புதிதாக முளைத்து, மாதவிலக்கும் தவறினால், அது உடம்பு எழுதி அனுப்பும் கடிதம். பி.சி.ஓ.எஸ். என்று டாக்டர்களும், 'நீர்க்கட்டி' என்று வீட்டில் நாமும் சொல்வது பெரும்பாலும் அதன் காரணமாக இருக்கும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேன் படத்தாலும் கண்டறியலாம். கவனிக்காமல் விட்டால் சர்க்கரை வியாதிக்கும், பிள்ளைப்பேற்றுச் சிக்கலுக்கும் வழி வைக்கும். திடீரென்று சில மாதங்களுக்குள் ரோமம் அடர்ந்து, குரலும் கட்டையாகிப் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உள்ளே கட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்காமல் லேசரால் சுட்டுவிட்டால் என்ன லாபம்? ஹார்மோன் கோளாறு அப்படியே இருக்கும். சுட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதிய ரோமம் முளைத்துக்கொண்டே இருக்கும்.

வெட்கத்தின் விலை என்னவென்று செங்கல்பட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரை அடுத்த திருமணியில் 1924-ல் தொழுநோயாளிகளுக்கென்று ஓர் ஆரோக்கிய நிலையம் ஏற்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கியது. தோலில் தோன்றிய சிறு தேமலை ஊருக்குப் பயந்து மறைத்தவர்கள்தாம் பின்னால் விரலை இழந்தார்கள் என்பது அந்த நோயின் சரித்திரம். மோவாய் ரோமம் அதுபோன்ற நோயல்ல. ஆனால் மறைக்கும் மனம் ஒன்றேதான். அதனால் வரும் நஷ்டமும் ஒரே மாதிரிதான்.

யார் கையில் கருவி?

2016-ல் சென்னையில், தலையில் முடி நட்டுக்கொள்ளப் போன ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். அது வேறு சிகிச்சை. ஆனால் அழகுக்கான சிகிச்சையும் சிகிச்சைதான். அதைச் செய்யுமிடம் வைத்தியசாலையாக இருக்க வேண்டும் என்ற பாடம் இதற்கும் பொருந்தும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். இங்கே தோல் மருத்துவர் இருக்கிறாரா? கருவி என்ன வகை? என் நிறத்துள்ளவர்களுக்கு இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? மொத்தம் எத்தனை தடவை, எவ்வளவு ஆகும்? எட்டுத் தடவைக்கும் சேர்த்து முன்பணம் கட்டச் சொன்னால், முதலில் ஒரு தடவைக்குக் கட்டி, தோல் எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். வழி தெரியாவிட்டால், செங்கல்பட்டில் 1965-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் யோசனை கேட்கக் கட்டணம் இல்லை.

இந்தச் சிகிச்சை வெறும் சிங்காரம் என்று எள்ளி நகையாடுவதும் தவறு. திருநங்கைகளுக்கு முகத்து ரோமம் தினசரி வேதனை. தெருவில் கேலிக்கும் அடிக்கும் அதுவே காரணமாகிறது. 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுப் பாலினத்தவர் சட்டம், அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் சேர்க்க வேண்டியவற்றைச் சொல்லும்போது லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லிக் குறித்தது. வேண்டுபவருக்கு அது வேண்டியதுதான்.

என் தங்கை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன் லேசர் வேண்டாமென்று டாக்டர் அம்மாள் சொல்லிவிட்டார். முகம் கறுத்துவிட்டால் முகூர்த்தத்துக்குள் தேறாது. பரிசோதனையில் நீர்க்கட்டி என்று தெரிந்தது. மாத்திரையும், தினம் ஒரு மணி நேர நடையும் ஆரம்பமாகியிருக்கின்றன. காலையில் கொளவாய் ஏரிப் பக்கம் சித்தியும் கூடவே நடக்கிறாள். லேசரைக் கல்யாணத்துக்கு அப்புறம், வேண்டுமென்று அவளுக்கே தோன்றினால், நிதானமாகச் செய்துகொள்வதென்று முடிவு.

மாப்பிள்ளையிடமும் அவளே தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டாளாம். நான் ஆவலோடு, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'இவ்வளவுதானா? நான் தினம் காலையில் அரை மணி முகம் வழித்துக்கொள்கிறேனே, அதற்கு யாரிடம் போய் அழுவது?' என்று கேட்டார், அக்கா!" என்றாள்.

மாடி அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது.